பசைப் புட்டியை மூடி வைத்திருந்த நாட்கள்

அம்மாவின் அளவு நோட்டில் ஒரு பக்கம் இப்போது வெறும் நீலக் கறை. அதை அப்படி ஆக்கியது நான்தான்.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் தையல் வேலை செய்தவள். அவள் போன பிறகு என் பங்குக்கு வந்தவை இரண்டு அளவு நோட்டுகள், பழுப்புத் தாளில் வெட்டிய மாதிரிகள் ஒரு கட்டு, ஒரு பொத்தான் டப்பா, பாதி தீர்ந்த நூல்கண்டுகள். அப்போது நான் கொலாஜ் செய்யத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. காகிதம், துணி, அக்ரிலிக் வண்ணம், நூல், பழைய புகைப்படம் என எதையும் எதனோடும் சேர்த்து ஒட்டிப் பார்த்த தைரியம் கையில் இருந்தது. நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரித்தெடுத்தேன். தோள், கைநீளம், கைச்சுற்று, இடுப்பு, முழு உயரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அம்மாவின் சாய்ந்த எண்கள். பிவிஏ என்ற வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு இளக்கி, தூரிகையால் மேலே ஒரு தடவு தடவினேன். பேனா மை நொடியில் பூத்துவிட்டது. எண்கள் ஒன்றோடொன்று கலந்து, நீலம் பசையில் ஓடி, தாளின் ஓரத்தில் வந்து நின்றது. பஞ்சால் ஒற்றினேன். ஒற்ற ஒற்ற இன்னும் பரவியது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் பசைப் புட்டியைத் திறக்கவில்லை. இந்தக் கலையில் எனக்கு இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த எட்டு மாதத்தில் கற்றது.

பசை இல்லாமல் என்ன செய்வது? அடுக்கிப் பார்ப்பதுதான். சுவரில் ஒரு பெரிய டெர்மகோல் பலகையை நிறுத்தி, துண்டுகளைக் குண்டூசியால் குத்தி வைத்தேன். காலையில் ஒரு துண்டை நகர்த்துவேன். மாலையில் வேறு வெளிச்சத்தில் பார்த்து மறுபடி நகர்த்துவேன். அந்த நாட்களில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் வெட்டுத் தாள்களைப் பற்றித் தேடிப் படித்தேன். 1941-ல் பெரிய வயிற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பின் அவருடைய நாட்களில் பெரும்பங்கு படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கழிந்தது. உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் குவாஷ் என்ற ஒளி ஊடுருவாத நீர்வண்ணம் பூசித் தருவார்கள், அவர் கத்தரியால் வெட்டுவார், அவர் கைகாட்டும் இடத்தில் அவர்கள் சுவரில் ஊசி குத்துவார்கள். இடம் சரியில்லையென்றால் பிடுங்கி வேறிடம். அந்தப் படைப்புகளில் இன்றும் ஊசித் துளைகள் தெரிகின்றன. ஒரே வடிவத்தில் பல துளைகள் இருந்தால் அத்தனை முறை அது இடம் மாறியிருக்கிறது என்று பொருள். நானோ பத்து வருஷமாக, பிடித்த துண்டு கிடைத்ததும் சட்டென்று ஒட்டிவிட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒட்டிய துண்டு எஜமானன் ஆகிவிடும். அதைக் காப்பாற்றவே மீதிப் படம் முழுதும் செலவாகும்.

இப்போது எதையும் நகர்த்துவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். நேற்றைய அமைப்பு நன்றாக இருந்தது என்ற எண்ணம் அடிக்கடி வரும். படம் இருந்தால் உண்மையா என்று பார்த்துவிடலாம். அந்தப் படத்தையே கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பார்ப்பேன். நிறங்கள் வேறாக இருந்தாலும் அடர்த்தி ஒன்றாக இருந்தால், கறுப்பு வெள்ளையில் அத்தனையும் ஒரே சாம்பலாகக் கிடக்கும். சிவப்பும் பச்சையும் சண்டையிடுவது போலக் கண்ணுக்குத் தெரிந்த இடம் உண்மையில் தட்டையான இடம் என்று அப்போதுதான் புரியும். பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பதும் உதவும். படத்தில் இருப்பது என்ன பொருள் என்பது மறந்து, எந்தப் பக்கம் கனக்கிறது என்பது மட்டும் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: இழை.

நான் சிறுமியாக இருந்தபோது அம்மா துணியை விரித்து இரண்டு கையாலும் இழுத்துக் காட்டுவாள். நீளவாக்கில் இழுத்தால் அசையாது. அகலவாக்கில் கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். "எந்தப் பக்கம் இழுபடும்னு கை பார்த்த பிறகுதான் கத்தரியை எடுக்கணும்" என்பாள். காகிதத்திலும் அப்படி ஒரு திசை இருக்கிறது என்பது எனக்குப் பத்து வருஷம் தெரியாது. இயந்திரத்தில் காகிதம் செய்யும்போது ஈரக் கூழ் ஓடும் சல்லடையின் மேல் விழுகிறது. இழைகளில் பெரும்பாலானவை அந்த ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டால் ஒவ்வொரு இழையும் பருக்கும், ஆனால் அவ்வளவாக நீளாது. அதனால் தாள் இழைக்குக் குறுக்கே அதிகமாக விரியும், காய்ந்ததும் அதே பக்கமாகச் சுருங்கும். அத்தனை வருஷமும் என் படங்கள் அலை அலையாக எழும்பியதற்கும், அடியிலிருந்த அட்டை வில்லாக வளைந்ததற்கும் நான் பசையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

திசையைக் கண்டுபிடிப்பது எளிது. தாளை மெல்ல வளைத்துப் பாருங்கள், இழையோடு வளைத்தால் மிருதுவாக வளையும், குறுக்கே எதிர்க்கும். கிழித்தால் இழையோடு நேராகப் போகும், குறுக்கே கோணிக்கொண்டு ஓடும். சிறு துண்டின் ஒரு பக்கத்தை ஈரமாக்கினால் அது சுருண்டு குழல் ஆகும், குழல் நீளும் திசைதான் இழை. தெரிந்துகொண்டதும் பெரிய துண்டுகளையெல்லாம் அடித்தாளின் இழையோடு ஒரே திசையில் வைக்கப் பாருங்கள். வடிவத்துக்காகக் குறுக்கே வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் அடித்தளம் கனமாக இருக்கட்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் தாள் சிறிய படங்களுக்குப் போதும். அதற்கு மேல் மரப்பலகைதான் என் விருப்பம்.

கையால் செய்த தாளில் இந்தத் தொல்லை குறைவு. இழைகள் எல்லாப் பக்கமும் கிடக்கும்.

ஒட்டும் முறையும் இதிலிருந்தே வருகிறது. ஈரத்தில் தாள் விரியப்போகிறது என்றால், ஒட்டிய பிறகு விரிவதைவிட முன்பே விரிந்துவிடுவது நல்லது. பெரிய துண்டின் பின்பக்கத்தில் பசையை மெல்லியதாகத் தடவி ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவிடுகிறேன். தாள் துவண்டு படியும். பிறகு அடித்தளத்தில் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்கிறேன். உள்ளங்கை போதும், ரப்பர் உருளை இருந்தால் இன்னும் நல்லது. குமிழிகள் பெரும்பாலும் பசை குறைந்து வருவதில்லை, காற்று வெளியேற வழியில்லாமல் வருகின்றன. பிறகு மெழுகுத் தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு விடவேண்டும். இதில் அவசரப்பட்டு நான் நாசமாக்கிய படங்கள் நிறைய. அட்டைதான் அடித்தளம் என்றால் அதன் முதுகிலும் அதே அளவில், அதே இழைத் திசையில் ஒரு தாளை ஒட்டுங்கள். முன்னால் ஒட்டியது காயும்போது ஒரு பக்கம் இழுக்கும், பின்னால் ஒட்டியது மறுபக்கம் இழுக்கும், அட்டை நடுவில் நேராக நிற்கும். அம்மா காலருக்குள் கேன்வாஸ் வைத்துத் தைத்ததும் இதைப் போன்ற ஒரு கணக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

துண்டுகளை எப்படிச் சேர்த்து வைப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். என் படங்களை அதிகம் மாற்றியது அதுதான். முன்பு பெட்டிகளுக்கு மேல் பறவைகள், முகங்கள், கட்டடங்கள், பூக்கள் என்று எழுதி வைத்திருந்தேன். பறவை வேண்டுமென்றால் பறவைப் பெட்டியைத் திறப்பேன். படத்தில் ஒரு பறவை வந்து உட்காரும், அவ்வளவுதான். ஒரு நாள் எல்லாவற்றையும் தரையில் கொட்டி நிறத்தாலும் அடர்த்தியாலும் பிரித்தேன். இளம் மஞ்சள் பெட்டிக்குள் பழைய வரைபடத்தின் பாலைவனம், ஒரு பெண்ணின் தோள், கடித உறையின் உட்புறம், காய்ந்த இலை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. தோளுக்குப் பக்கத்தில் பாலைவனத்தை வைக்க நானாக ஒருபோதும் யோசித்திருக்க மாட்டேன். இன்னொரு பெட்டியைத் தொடு உணர்வுக்காக வைத்திருக்கிறேன்: சொரசொரப்பு, வழவழப்பு, சுருக்கம், மெழுகு. அதில் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இதைச் செய்யத் தூண்டியவர் வங்காள ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. 1956-ல் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவருடைய பார்வை முழுவதும் போய்விட்டது. அதன் பிறகும் அவர் வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். விரல் நுனியில் ஓரங்களைத் தடவி இடம் கண்டுபிடித்து வைத்த உருவங்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு எனக்கு ஓரத்தின் மேல் மரியாதை வந்தது.

ஓரம் என்றால் வெட்டிய ஓரமும் கிழித்த ஓரமும் இரண்டு வேறு குரல்கள். அச்சிட்ட தாளைக் கிழிக்கும்போது இரண்டு பாதிகளில் ஒன்றுக்கு வெள்ளை விளிம்பு கிடைக்கும், மற்றதற்குக் கிடைக்காது. கையை எந்தப் பக்கம் இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். பயன்படாத தாளில் நாலைந்து முறை பழகிவிட்டால் வெள்ளை விளிம்பு வேண்டிய துண்டுக்கே வரும். வெள்ளை விளிம்பு, துண்டைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். பின்னணியோடு கரையவேண்டிய இடத்தில் அது இருந்தால் கண்ணை உறுத்தும். கத்தரி வேறு உலகம். மேரி டெலனி என்ற ஆங்கிலப் பெண்மணி 1772-ல், தன் 72-ஆம் வயதில், வண்ணத் தாளை வெட்டிக் கறுப்புப் பின்னணியில் பூக்கள் செய்யத் தொடங்கினார். பார்வை மங்கும் வரை சுமார் பத்து வருஷத்தில் ஏறக்குறைய ஆயிரம் பூக்கள். இதழ், நரம்பு, மகரந்தத் தாள் எல்லாமே தனித்தனி வெட்டுத் துண்டுகள், சில பூக்களில் நூற்றுக்கணக்கில். அவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பிக்காசோ நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியைக் கேன்வாஸில் ஒட்டியது 1912-ல். கொலாஜின் வரலாறு அங்கே தொடங்குவதாகச் சொல்லும்போதெல்லாம் நான் இந்த மூதாட்டியை நினைத்துக்கொள்கிறேன். ஜெர்மன் கொலாஜ் கலைஞர் ஹன்னா ஹோஹையும். பெர்லினில் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் 1916 முதல் பத்து வருஷம் லேஸ், எம்ப்ராய்டரி மாதிரிகள் வரைந்து சம்பளம் வாங்கியவர் அவர். அந்தக் கைவேலை மாதிரிகளே அவருடைய கொலாஜ்களுக்குள் வந்து சேர்ந்தன. என் வீட்டுத் தையல் தாள்களை ஓவியத்துக்குள் கொண்டுவரலாம் என்ற துணிச்சல் எனக்கு வந்தது அவரிடமிருந்துதான்.

இனி மை. அந்த நீலக் கறை சொல்லிக்கொடுத்த பாடம் இது, தயவுசெய்து இதை மட்டுமாவது கேளுங்கள். எந்தக் கையெழுத்துத் தாளையும் பசைக்குக் கொண்டுபோவதற்கு முன், கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், ஈரமான பஞ்சு முனையால் தொட்டுப் பாருங்கள். பேனா மை பெரும்பாலும் ஓடும். பென்சில் ஓடாது. பால்பாயின்ட் தண்ணீருக்குத் தாங்கும், ஸ்பிரிட் கலந்த எதற்கும் தாங்காது. வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் சாய மை இருந்தால் அந்தப் பிரதியும் கரையும். லேசர் பிரின்ட், ஜெராக்ஸ் இரண்டும் கரையாது, அதில் இருப்பது சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிய பிளாஸ்டிக் தூள்.

ஆக, மூலத்தை உறையில் போட்டு உள்ளே வையுங்கள். ஸ்கேன் செய்து, அமிலமற்ற தாளில் லேசர் பிரின்ட் எடுத்து அதை ஒட்டுங்கள். பிரதி என்றால் உயிர் போய்விடும் என்று நானும் நினைத்தேன். நடந்தது தலைகீழ். மூலத்தைக் கையில் வைத்திருந்தவரை அதை ஓரமாகக் கிழிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை, பக்கம் பக்கமாக அப்படியே வைத்தேன், படம் நினைவு ஆல்பம் மாதிரி இருந்தது. பிரதிகள் வந்ததும் அம்மாவின் 'இடுப்பு' என்ற ஒரு சொல்லைக் கை அகலத்துக்குப் பெரிதாக்கினேன். அவள் பேனாவை அழுத்திய இடமும் தூக்கிய இடமும் தெரிந்தன. அமெரிக்க ஓவியர் ரோமேர் பேர்டன் 1964-ல் தன் சின்னச் சின்னக் கொலாஜ்களை ஃபோட்டோஸ்டாட் முறையில் கறுப்பு வெள்ளையில் பெரிதாக்கி ஒரு வரிசையாக வைத்தார். மடியில் வைத்துப் பார்க்கும் அளவில் இருந்த முகங்கள் சுவரளவுக்கு எழுந்து நின்றன. அளவு மாறினால் பொருளும் மாறும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

செய்தித்தாள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரத்தை அரைத்துச் செய்த மலிவான தாள் அது, மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே உள்ளே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி முறுமுறுப்பாகும். மேலே எத்தனை பூச்சு பூசினாலும் முழுதாக நிற்காது. அந்தப் பழுப்பே வேண்டுமென்றால் ஒட்டுங்கள். வேண்டாமென்றால் அதற்கும் பிரதிதான் வழி.

பிரதியிலிருந்து படத்தை மட்டும் உரித்து மாற்றும் முறை ஒன்று உண்டு. லேசர் பிரின்டை அக்ரிலிக் ஜெல் (நிறம் கலக்காத, கெட்டியான அக்ரிலிக்) பூசிய பரப்பில் முகம் கீழாக ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, முதுகை ஈரமாக்கி விரலால் தேய்த்தால் தாள் கூழாக உருண்டு வந்துவிடும், மை மட்டும் ஜெல்லில் தங்கும். அடியிலிருக்கும் துணியும் வண்ணமும் எழுத்துக்குள் ஊடுருவித் தெரியும். படம் இடவலமாக மாறும் என்பதால் பிரின்ட் எடுப்பதற்கு முன்பே திருப்பிக்கொள்ளவேண்டும். தேய்ப்பதற்குப் பொறுமை வேண்டும். முதல் தடவையிலேயே வெள்ளையெல்லாம் போகாது. காய்ந்ததும் மறுபடி மூட்டமாகத் தெரியும், இரண்டாவது, மூன்றாவது முறை தேய்க்கவேண்டும். வேகமாகத் தேய்த்தால் எழுத்தும் வந்துவிடும்.

நூல் வேலையை நான் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுகிறேன். தாளில் ஊசித் துளைகளை முதலில் குத்திக்கொண்டு, பிறகு நூலைக் கோக்கவேண்டும். துளைகள் நெருங்கிவிட்டால் தபால்தலை ஓரம் போலத் தாள் கிழிந்துவிடும், மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பின்னால் முடிச்சுப் போட்டால் முன்னால் மேடு தெரியும். நுனியைப் படுக்கவைத்து மெல்லிய தாளால் ஒட்டிவிட்டால் போதும்.

எட்டு மாதம் முடிந்து நான் செய்த படம் ஒரு சட்டையின் அளவு. அம்மாவின் பழுப்புத் தாள் மாதிரிகளே அதன் உடல்: முன்பக்கம், முதுகு, இரண்டு கைகள், காலர். தாள் ஓரங்களில் பென்சிலில் அவள் எழுதிய எண்கள். நோட்டின் பிரதிகள் உள்ளே, லைனிங் துணி இருக்கும் இடத்தில். நீலக் கறைப் பக்கத்தையும் நடுவில் வைத்துப் பார்த்தேன். ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அது பிடித்தது. பத்து நாள் சுவரில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு நாளும் கண் நேராக அந்த நீலத்துக்குத்தான் போனது, வெட்டுக் கோடுகளைப் பார்க்கவே விடவில்லை. அது என் தவறையும் என் வருத்தத்தையும் பற்றிய இடம். படம் அம்மாவின் வேலையைப் பற்றியது. எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் நோட்டில் பழைய இடத்திலேயே செருகி இருக்கிறது.

மாதிரிகளை மட்டும் மூலமாகவே ஒட்டினேன். ஒரே அளவில் பல இருந்தன, பென்சில் கரையாது என்பதும் தெரியும். ஆனால் பிவிஏ, அக்ரிலிக் இரண்டையும் தொடவில்லை. காய்ந்துவிட்டால் அவற்றைப் பத்திரமாகப் பிரிக்க முடியாது. கோதுமை ஸ்டார்ச்சை நாலைந்து பங்கு தண்ணீரில் கரைத்து, கைவிடாமல் கிளறி, கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டினேன். புத்தகங்களையும் ஓவியங்களையும் பழுதுபார்ப்பவர்கள் நம்பிப் பயன்படுத்தும் பசை இது. சில நாட்களில் கெட்டுவிடும், அதனால் கொஞ்சமாகத்தான் செய்யவேண்டும். எத்தனை காலம் கழித்தும் ஈரம் காட்டினால் விட்டுக்கொடுக்கும்.

காட்சிக்கு வைத்தபோது ஒரு வயதான அம்மா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கழுத்தில் அளவு நாடா இல்லை, ஆனால் பார்வையிலேயே தையல்காரர் என்று தெரிந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ரெண்டும் இடது கையா இருக்கே?"

சட்டைக் கையின் முன்வளைவும் பின்வளைவும் ஒன்றல்ல. முன்பக்கம் கொஞ்சம் உள்ளே குடைந்து வரும். அம்மா கைக்கு ஒரு மாதிரிதான் வெட்டுவாள், அதைத் திருப்பிப் போட்டு மறுகையை வெட்டுவாள். எழுத்து ஒரு பக்கம்தான் இருக்கும். அது இரண்டிலும் தெரியவேண்டும் என்பதற்காக நான் ஒரே அளவிலான இரண்டு மாதிரிகளையும் எழுத்து மேலே இருக்கும்படி ஒட்டியிருந்தேன்.

படம் திரும்பி வந்ததும் வலப்பக்கக் கையின் மேல் ஈரமான உறிதாளை வைத்து, மேலே ஒரு கண்ணாடித் தகட்டை ஏற்றி, இருபது நிமிடம் காத்திருந்தேன். மழுங்கிய கத்தியின் நுனியை ஓரத்தில் விட்டதும் தாள் எதிர்ப்பில்லாமல் எழுந்து வந்தது. திருப்பினேன். புதிதாகக் காய்ச்சிய பசையைத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தேன். 'கைநீளம் 21' என்ற எழுத்து உள்பக்கமாகப் போய்விட்டது. பழுப்புத் தாளின் வெறும் முதுகு மேலே தெரிகிறது, கை இப்போது வலது கை.